உங்கள் ஊர், உங்கள் கேள்வி: தீர்மானம் போட்டாச்சு, ரோடு எங்கே?

பேரூராட்சி நிர்வாகம் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் தெருவுக்கு சிமென்ட் ரோடு போட மன்றத்தில் தீர்மானம் நிறைவேறி எட்டு மாதம் ஆகிறது. வார்டு உறுப்பினர் "தீர்மானம் போட்டாச்சு" என்கிறார். செயல் அலுவலர் "நிதி வரட்டும்" என்கிறார். யார் சொல்வது உண்மை?
– வாசகர், பெரம்பலூர் மாவட்டம்

இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். முதலில் அந்தத் தீர்மானத்தின் கடைசி வரியைப் படியுங்கள். "பொது நிதியிலிருந்து மேற்கொள்ள மன்றம் அனுமதிக்கிறது" என்று இருந்தால் பணம் ஊரிலேயே இருக்கிறது, வேலை நடக்க வேண்டும். "கருத்துரு அனுப்ப மன்றம் அனுமதிக்கிறது" என்று இருந்தால் மேலிடத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, அவ்வளவுதான். "பதிவு செய்யப்பட்டது" என்று முடிந்திருந்தால் மன்றம் எதையும் முடிவு செய்யவில்லை. மூன்றையுமே வெளியில் "தீர்மானம் போட்டாச்சு" என்றுதான் சொல்வார்கள்.

அனுமதித்த தீர்மானமாகவே இருந்தாலும் அதற்குப் பிறகு படிகள் உண்டு. மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, நிர்வாக அனுமதி, டெண்டர், வேலை உத்தரவு என்று வரிசையாக எல்லாம் முடிந்த பிறகுதான் ஜல்லி இறங்கும். டெண்டரில் மட்டும், 2 கோடி ரூபாய் வரையிலான வேலைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம் தர வேண்டும் என்கின்றன தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மை விதிகள்.

வேலை பெரும்பாலும் நிற்பது இரண்டு இடங்களில். ஒன்று மதிப்பீடு. பழைய விலை விகிதப் பட்டியலை வைத்துப் போட்ட மதிப்பீட்டுக்கு அந்த விலையில் ஒப்பந்ததாரர் யாரும் வரமாட்டார். மறு டெண்டர், திருத்திய மதிப்பீடு என்று மாதங்கள் ஓடும். இன்னொன்று நிதித் தலைப்பு, அதாவது எந்தக் கணக்கிலிருந்து பணம் என்பது. 15-ஆவது நிதிக்குழு 2021–26 காலத்துக்குச் சிறு நகரங்களுக்கு ஒதுக்கிய மானியத்தில் 30 சதவீதம் குடிநீருக்கும் 30 சதவீதம் சுகாதாரம், குப்பை மேலாண்மைக்கும் கட்டிவைத்த பணம். அந்த 60 சதவீதத்தில் ரோடு போட முடியாது. "பேரூராட்சி கணக்கில் லட்சக்கணக்கில் பணம் கிடக்கிறதே, ஏன் போடவில்லை?" என்று கூட்டத்தில் கேட்பவர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. இதைத் தெரிந்துகொண்டு "எல்லாமே கட்டிவைத்த பணம்" என்று தட்டிக் கழிக்கும் அலுவலகங்களும் உண்டு. மீதி 40 சதவீதம் எங்கே போனது என்று கேளுங்கள்.

அலுவலகத்துக்குப் போகும்போது "ரோடு எப்போது வரும்?" என்று கேட்காதீர்கள், "சீக்கிரம்" என்பதுதான் பதிலாக வரும். தீர்மான எண்ணும் தேதியும், எந்த நிதித் தலைப்பு, மதிப்பீட்டுத் தொகை, தொழில்நுட்ப அனுமதி எண் என்று நான்கைக் கேளுங்கள். வாய்மொழியாகக் கிடைக்காவிட்டால் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நான்கில் எந்த எண் இல்லையோ, வேலை அந்தப் படியில் நிற்கிறது.

ரோடு போடும்போது தரத்தை எப்படிச் சரிபார்ப்பது? ஒவ்வொரு முறையும் தெரு உயர்ந்து வீடுகள் பள்ளமாகின்றன.
– வாசகி, தென்காசி மாவட்டம்

பள்ளத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். பழைய தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் புதுத் தளம் போட வேண்டும் என்று 2021-ல் தலைமைச் செயலாளரே சுற்றறிக்கை அனுப்பினார். தார்ச்சாலை என்றால் மில்லிங், அதாவது மெஷினால் மேல்தளத்தைச் சுரண்டுவது. தாருக்கு மேல் கான்கிரீட் போடுவதென்றால் பழைய தளத்தைப் பெயர்த்தெடுக்க வேண்டும். மதிப்பீட்டில் "பழைய தளத்தை அகற்றுதல்" என்று ஒரு இனம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள்; கான்கிரீட் காய்ந்த பிறகு யாரும் பெயர்க்க மாட்டார்கள். இருந்தும் செய்யவில்லையென்றால், செய்யாத வேலைக்குப் பில் போகப் போகிறது என்று அர்த்தம். வேலைக்கு முதல் நாளே நாலைந்து வீட்டு வாசல்படியில் ரோடு மட்டத்திலிருந்து படியின் மேல்விளிம்பு வரை டேப் வைத்து அளந்து, டேப் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். பிறகு வரும் சண்டையில் அந்தப் படம்தான் பேசும்.

அடுத்தது கனம். தெருக்களில் வழக்கமாக 150 மி.மீ. கான்கிரீட் என்று மதிப்பீட்டில் இருக்கும். இரண்டு பக்கமும் 150 மி.மீ. உயரச் சட்டம் அடித்திருப்பார்கள், ஓரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். ஆனால் நடுவில் மண் மேடாக இருந்தால் அங்கே 100 மி.மீ.தான் விழும். கான்கிரீட் கொட்டும் முன் ஒரு சட்டத்தின் மேல்விளிம்பிலிருந்து எதிர்ச் சட்டத்துக்கு நூலை இழுத்துப் பிடித்து, நூலிலிருந்து கீழே மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். இரண்டு நிமிட வேலை. மேஸ்திரி முகம் சுளிப்பார், அளக்க விடாமல் தடுக்கமாட்டார்.

சிமென்ட் கணக்கு எளிது. 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 0.15 மீட்டர் கனம் என்றால் 45 கன மீட்டர். சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற கலவைக்குக் கன மீட்டருக்கு ஏறத்தாழ 8 மூட்டை; ஆக 360 மூட்டை. காலிச் சாக்குகளை எண்ணினாலே தெரிந்துவிடும். ரெடிமிக்ஸ் லாரி வந்தால் ஒவ்வொரு நடைக்கும் வரும் சீட்டில் கலவையின் தரமும் கன மீட்டரும் அச்சாகியிருக்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

கலவை சரியாக இருந்தும் ரோடு வெடிப்பதற்கு இரண்டு காரணங்கள் பொதுவானவை. கான்கிரீட் இறுகும்போது சுருங்கும். அந்தச் சுருக்கம் கண்ட இடத்தில் வெடிக்காமல் நேர்கோட்டில் விழ, ஏறத்தாழ 4 மீட்டருக்கு ஒரு வெட்டு போட வேண்டும். ஆழம் கனத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 150-க்கு 50 மி.மீ. கான்கிரீட் போட்ட 24 மணி நேரத்துக்குள், வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரமாக, வெட்டியாக வேண்டும். மூன்று நாள் கழித்து மெஷின் கொண்டுவந்து வெட்டுவது ஒப்புக்குச் செய்வது. அதற்குள் உள்ளே வெடித்திருக்கும். இரண்டாவது காரணம், தண்ணீர் கட்டாதது. களிமண்ணால் பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் தேக்க வேண்டும். காலையில் ஒரு முறை குழாயால் பீய்ச்சிவிட்டுப் போவது எதற்கும் உதவாது. இந்த ஒன்றைத் தெருக்காரர்களே பார்த்துக்கொள்ளலாம்.

வழக்கமாக விட்டுப்போகும் ஒன்று, குடிநீர் இணைப்புக் குழாய். ரோட்டுக்கு அடியில் குறுக்கே 110 மி.மீ. பிவிசி குழாய்களை உறையாக முன்கூட்டியே புதைத்துவிட்டால் பிறகு இணைப்பு கேட்பவர்களுக்காக ரோட்டை வெட்ட வேண்டியதில்லை. புது ரோடு போட்ட அடுத்த மாதமே வெட்டிக் கிழிப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது, காரணம் இதுதான்.

பேவர் பிளாக் தெருவென்றால் கல்லை விட ஓரம் முக்கியம். இருபுறமும் கான்கிரீட் விளிம்பு இல்லாவிட்டால் ஓரக் கல் நகரும், பின்னாலேயே மொத்தத் தெருவும் விரியும். பைக், கார் மட்டும் போகும் சந்துக்கு 60 மி.மீ. கல் போதும். தண்ணீர் லாரி வரும் தெருவுக்கு 80 மி.மீ. வேண்டும். கல்லுக்கு அடியில் மணல் 20 முதல் 40 மி.மீ. வரைதான் இருக்கலாம். பள்ளத்தை மணலால் நிரப்பி மேலே கல் பாவினால் முதல் மழையிலேயே அலை அலையாக அமுங்கும்.

சந்தேகம் வலுத்தால் தகவல் உரிமைச் சட்டம் பிரிவு 2(j)-ஐப் பயன்படுத்துங்கள். ஆவண நகல் மட்டுமல்ல, வேலையை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரி எடுக்கவும் அந்தப் பிரிவு உரிமை தருகிறது. அளவுப் புத்தகத்தின் நகலையும் கேளுங்கள். எம்-புக் என்றால்தான் அலுவலகத்தில் புரியும். பில் போவது அதில் எழுதிய அளவுக்குத்தான். எம்-புக்கில் 150 என்று இருந்து தெருவில் 110 இருந்தால், பேரூராட்சிகளின் உதவி இயக்குநருக்குப் போகும் புகாரில் அந்த இரண்டு எண்ணுமே போதும். "தரமற்ற சாலை" என்று நாலு பக்கம் எழுத வேண்டாம்.

குடிநீரில் சாக்கடை வாடை. புகார் செய்தால் "தொட்டியில் மருந்து போட்டாச்சு" என்கிறார்கள்.
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

வாடை எப்போது வருகிறது என்று கவனியுங்கள். தண்ணீர் திறந்த முதல் ஐந்து பத்து நிமிடம் கலங்கலாக வந்து பிறகு தெளிந்தால் கோளாறு உங்கள் தெருக் குழாயில். கடைசி வரை வாடை இருந்தால் தொட்டியையோ கிணற்றையோ சந்தேகப்படலாம்.

சிற்றூர்களில் தண்ணீர் நாளெல்லாம் வருவதில்லை. நிறுத்தியதும் குழாய் காலியாகி உள்ளே உறிஞ்சும் அழுத்தம் உண்டாகும். வீட்டு இணைப்பு இரும்புக் குழாய் சாக்கடைக்குள் முங்கித்தான் பல தெருக்களில் போகிறது. துருப்பிடித்த ஒரு ஊசித் துளை இருந்தாலும் சாக்கடை நீர் உள்ளே போய்விடும். அடுத்த முறை திறக்கும்போது முதலில் வருவது அதுதான். குழாயில் நேரடியாக மோட்டார் வைத்து இழுக்கிறவர் தெருவில் ஒருவர் இருந்தால் தண்ணீர் வரும் நேரத்திலும் இதே கதை.

குளோரின் சோதனைக் கருவி பேரூராட்சியில் இருக்கும். சொட்டு மருந்து விட்டால் தண்ணீர் மஞ்சளாகும், நிறத்தைப் பார்த்து அளவு சொல்லலாம். தொட்டியடியில், தெரு தொடக்கத்தில், கடைக்கோடி வீட்டில் என மூன்று இடத்தில் பார்க்கச் சொல்லுங்கள். கடைக்கோடியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். தொட்டியடியில் நல்ல மஞ்சள், உங்கள் தெருவில் மட்டும் நிறமே இல்லை என்றால் கசிவு அந்தத் தெருவில். சாக்கடைக்குள் போகும் குழாய்களை மேலே தூக்கிக் கட்டுவதும், இரும்பை எடுத்துவிட்டு எச்டிபிஇ பிளாஸ்டிக் குழாய் போடுவதும்தான் தீர்வு. குளோரினைக் கூட்டிக்கொண்டே போவது தீர்வல்ல.

மருந்து போடும் முறையிலும் கோளாறு உண்டு. 1 லட்சம் லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின் வேண்டுமானால் 200 கிராம் குளோரின் தேவை. 33 சதவீத பிளீச்சிங் பவுடர் என்றால் 600 கிராம். மூட்டை பிரித்து ஈரத்தில் கிடந்து 20 சதவீதத்துக்கு இறங்கிய பவுடர் என்றால் 1 கிலோ. எப்போதும் ஒரே டப்பா அளவில் போடுகிறவர் இதைப் பார்ப்பதில்லை. பவுடரை அப்படியே தொட்டியில் கொட்டவும் கூடாது. வாளியில் குழைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரமாவது விட்டுத்தான் திறக்க வேண்டும்.

மனைப்பிரிவு வரைபடத்தில் பூங்காவுக்கு இடம் காட்டித்தான் மனை விற்றார்கள். இப்போது அங்கே வேலி போட்டிருக்கிறார்கள்.
– வாசகர், நாமக்கல் மாவட்டம்

அனுமதி பெற்ற மனைப்பிரிவில் 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை நீங்கலான பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாகக் கட்டாயம் ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால் இடத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழியுண்டு; உங்கள் மனைப்பிரிவு எந்த ரகம் என்று முதலில் பாருங்கள்.

தானப் பத்திரம் பெரும்பாலும் பதிவாகியிருக்கும். சிக்கல் அதற்குப் பிறகு. பத்திரத்தை வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, பட்டாவைப் பேரூராட்சி பெயருக்கு மாற்றாமல் விட்டுவிடுவார்கள். வருவாய்க் கணக்கில் பழைய உரிமையாளர் பெயரே நீடிக்கும். பத்து வருடம் கழித்து வாரிசு வந்து, பட்டாவைக் காட்டி, வேலி போடுவார், விற்கவும் செய்வார். ஆகவே மூன்று தாள்களைத் திரட்டுங்கள்: நகர் ஊரமைப்பு இயக்கக அனுமதி எண்ணுடன் கூடிய வரைபடம், மனைப்பிரிவு போட்ட ஆண்டிலிருந்து இன்றுவரை அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று, இப்போதைய பட்டா நகல். வில்லங்கத்தில் தானப் பத்திரம் இருந்து பட்டாவில் இல்லையென்றால், பட்டா மாறுதலுக்கு விண்ணப்பிக்கவும் அசையாச் சொத்துப் பதிவேட்டில் ஏற்றவும் வேலியை அகற்றவும் கோரிச் செயல் அலுவலருக்கு மனு கொடுத்து, நகலை மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புங்கள். வில்லங்கத்திலேயே தானப் பத்திரம் இல்லையென்றால் இறுதி அனுமதி எப்படித் தரப்பட்டது என்பதே உங்கள் கேள்வி.

2016 அக்டோபர் 20-க்கு முன் அனுமதியில்லாமல் மனை விற்று, 2017 திட்டத்தில் வரன்முறை செய்த மனைப்பிரிவாக இருந்தால் நிலைமை வேறு. தரகர் காட்டிய கலர் வரைபடத்தில் மட்டும் பூங்கா இருந்திருக்கலாம். அதற்குச் சட்டத்தில் மதிப்பில்லை.

சொத்து வரியில் ஏதோ தள்ளுபடி உண்டாமே?
– வாசகி, ஈரோடு மாவட்டம்

உண்டு. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள்ளும் அக்டோபர் 31-க்குள்ளும் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய். பாக்கி வைத்தால் மாதம் 1 சதவீதம் கூடும். கூடவே வரிக் கேட்பு அறிவிப்பில் பதிவான சதுர அடியைச் சரிபாருங்கள். 2022 சீராய்வில் 600 சதுர அடி வரை 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்ந்தது. 1,190 சதுர அடி வீட்டை 1,210 என்று எழுதியிருந்தால் ஒரு படி கூடுதலாகக் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

குப்பைக் கிடங்கை "வளம் மீட்பு பூங்கா" ஆக்கினார்கள். பெயர் மாறியது, நாற்றம் போகவில்லை.
– வாசகர், கடலூர் மாவட்டம்

சரியாக மட்கும் குப்பை நாறாது. நாறினால் காற்றுப் போகவில்லை, ஈரம் அதிகம் என்று பொருள். சந்தை நடக்கும் ஊர்களில் வாழை மட்டையும் முட்டைக்கோஸ் இலையும் மலையாக வரும். அதை அப்படியே குவித்தால் உள்ளே காற்றில்லாமல் அழுகி, கறுப்பு நீர் வடியும். காய்ந்த இலை, தென்னை நார்க்கழிவு, மரத்தூள் எதையாவது கலக்க வேண்டும். கையில் ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வர வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம். குவியல் ஒன்றரை மீட்டர் உயரத்துக்குமேல் போகக்கூடாது. வாரம் ஒருமுறை புரட்ட வேண்டும். உள்ளே 55 டிகிரிக்கு மேல் சூடு ஏற வேண்டும். கம்பியைச் செருகி எடுத்துத் தொட்டால் கை வைக்க முடியாத அளவு சுட வேண்டும். சில்லென்று இருந்தால் அங்கே எதுவும் மட்கவில்லை. மேலே கூரை இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் மொத்தமும் கெடும்.

ஆட்கணக்கையும் பாருங்கள். தலைக்கு 300 கிராம் என்று வைத்தால் 20,000 பேர் உள்ள ஊரில் தினம் 6 டன் வரும், அதில் பாதிக்குமேல் ஈரக் குப்பை. மூன்று டன்னை நாலு தூய்மைப் பணியாளர்கள் பிரித்து, புரட்டி, சலிக்க முடியாது. கொட்டகைக்கும் இயந்திரத்துக்கும் தீர்மானம் போடும் மன்றம், ஆள் போடத் தயங்குகிறது. நாற்றத்துக்கு மூலம் பெரும்பாலும் அங்கேதான்.

எங்கள் ஊராட்சியைப் பக்கத்துப் பேரூராட்சியோடு சேர்க்கப்போவதாகப் பேச்சு. நல்லதா, கெட்டதா?
– வாசகர், சிவகங்கை மாவட்டம்

என்னென்ன மாறும் என்று சொல்கிறோம், நீங்களே முடிவு செய்யுங்கள். நூறு நாள் வேலை என்று நாம் சொல்லும் திட்டம் ஊரகப் பகுதிக்கானது, இணைந்தால் போய்விடும். கலைஞரின் கனவு இல்லம் போன்ற ஊரக வீட்டுத் திட்டங்களும் அப்படியே. கூலி வேலையை நம்பும் குடும்பங்கள் உங்கள் ஊரில் எத்தனை என்பதை வைத்துத்தான் இதை எடைபோட வேண்டும். மறுபக்கம், தெருவிளக்கு, குப்பை வண்டி, சாக்கடைக்கான ஆளும் நிதியும் பேரூராட்சியில் கூடுதல்.

அதிகம் பேசப்படாத மாற்றம் இன்னொன்று. ஊராட்சித் தலைவரை நீங்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறீர்கள். காசோலையில் கையெழுத்திடுவது அவரும் துணைத் தலைவரும். பேரூராட்சித் தலைவரைத் தேர்ந்தெடுப்பவர்கள் வார்டு உறுப்பினர்கள். நிர்வாக அதிகாரி, அரசு அலுவலரான செயல் அலுவலர். கிராம சபையும் இருக்காது. நகர்ப்புறத்துக்கென்று 2022-ல் வார்டு குழு, பகுதி சபா விதிகள் வந்து, அந்த ஆண்டு நவம்பர் 1-ல் பகுதி சபாக்கள் கூடின. ஆனால் கிராம சபைக்கு இருக்கும் பழக்கமும் கூட்டமும் அதற்கு இன்னும் வரவில்லை.

எதிர்ப்பதென்றால் மறியலுக்கு முன் தாள் வேலை. கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளுடன் நகல் வாங்கி வையுங்கள். அரசிதழில் உத்தேச அறிவிப்பு வந்ததும் அதில் சொன்ன நாளுக்குள் ஆட்சேபணையைத் தனித்தனி மனுவாக, வேலைத்திட்ட அட்டை வைத்திருக்கும் குடும்பங்களின் எண்ணிக்கை, வரி எவ்வளவு கூடும் என்ற கணக்கு ஆகியவற்றோடு அனுப்புங்கள். ஒரே நகலில் ஐந்நூறு கையெழுத்து வாங்கி அனுப்பினால் அலுவலகத்தில் அதை ஒரே மனுவாக எண்ணிவிட வாய்ப்புண்டு. தபால் ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.